முதன்முதலாக விலங்கு கேம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவருக்கு

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி விடுமுறையில், மிருகங்கள் வருகிற கேம் ஒன்று போட்டுத் தரும்படி அண்ணாவின் மகள் என்னிடம் கேட்டாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. படங்களைப் பார்த்தால் வண்ணக் காகிதம் வெட்டி ஒட்டியதுபோல் அழகாக இருந்த 'ஷெல்ட்டர்' என்ற கேமை மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தேன். 2013இல் வந்த கேம் அது. நம் ஊரில் இல்லாத பாட்ஜர் என்ற வளைதோண்டும் விலங்கு, தாயாக, ஐந்து குட்டிகளைக் காட்டு வழியே கூட்டிப் போகிறது. கிழங்கைப் பிடுங்கி ஒவ்வொரு குட்டிக்கும் நாம்தான் கொடுக்கவேண்டும். பசித்த குட்டியின் நிறம் மெல்ல மங்கும். அதைப் பார்த்தே யாருக்கு ஊட்டுவது என்று அறியலாம். பிள்ளை இதை ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். ஐந்து குட்டிக்கும் பெயர்கூட வைத்துவிட்டாள். காடு முடிந்து வெட்டவெளிக்கு வந்ததும் வானத்திலிருந்து பெரிய பறவை ஒன்று இறங்கி, ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. அவள் அழவில்லை. மடிக்கணினியை மூடிவைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய், குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்த கோழிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷெல்ட்டர் நல்ல கேம். பிள்ளை பெற்றவர்களின் பயத்தை அதைப்போல் கைக்குள் கொண்டுவந்து தந்த இன்னொரு கேமை நான் விளையாடியதில்லை. ஆளை அறியாமல் கொடுத்தது என் பிழை. அன்றைக்குப் பிறகு, எனக்கோ வீட்டுப் பிள்ளைக்கோ விலங்கு கேம் ஒன்று சொல்லுங்கள் என்று யார் வந்தாலும், கேமின் பெயரைச் சொல்லுமுன் சில கேள்விகள் கேட்கிறேன். கேம் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் பின்பற்றக்கூடிய ஒழுங்கு இது.

முதல் கேள்வி: அந்த விலங்கு என்ன செய்யவேண்டும்?

பூனை வேண்டும், நரி வேண்டும் என்று கேட்பது எளிது. ஆனால் ஒரே பூனை மூன்று விதமாகக் கேமுக்குள் வரலாம்.

சிலவற்றில் விலங்கு ஒரு வேடம் மட்டுமே. 1991இல் சேகா நிறுவனம் கொண்டுவந்த சொனிக் ஒரு முள்ளெலி. ஆனால் முள்ளெலி எங்கே அந்த வேகத்தில் ஓடுகிறது? 1996இன் கிராஷ் பண்டிகூட் என்ற அவுஸ்திரேலியச் சிறுவிலங்கும் அப்படித்தான். ஓட்டமும் பாய்ச்சலும் வேகமும் பிடித்தவருக்கு இவை பொருந்தும். விலங்கை நேசித்து வந்தவருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

சிலவற்றில் விலங்குகள் மனிதரைப்போல் ஊர் கட்டி வாழும், பேசும், கடை வைக்கும். காகமும் நரியும் வடைக்காகப் பேசிக்கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பழக்கமான இடம். நின்டெண்டோவின் 'அனிமல் கிராசிங்' இந்த வகை. 2017இல் வந்த 'நைட் இன் த வூட்ஸ்' என்பதும் இதே வகை. பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டுவிட்டு, சுரங்கம் மூடிப்போன தன் சிற்றூருக்குத் திரும்பி வரும் பூனைப் பெண்ணின் கதை அது. ஊர் மாறியிருக்கும், நண்பர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், தாய் கேள்வி கேட்பார். இதைச் சிறுவர்களுக்குக் கொடுக்காதீர்கள். இருபது வயதைத் தாண்டி, ஊரில் இருப்பதா போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிற ஒருவருக்குக் கொடுங்கள்.

மூன்றாவது வகையில் விலங்கு விலங்காகவே இருக்கிறது. அதற்கு என்ன உடம்பு வாய்த்திருக்கிறதோ அதைக் கொண்டுதான் நீங்கள் எல்லாவற்றையும் செய்யவேண்டும். ஆடு புலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 3 புலி, 15 ஆடு. புலி தாண்டித்தான் கொல்லும். ஆட்டுக்குத் தாண்டத் தெரியாது, சேர்ந்து நின்று வழியை அடைக்கத்தான் தெரியும். விலங்கின் குணமே ஆட்ட விதியாகிவிட்டது. அந்த ஆட்டத்தில் ருசி கண்ட ஒருவர் கேட்டு வந்தால், நான் நேரே இந்த மூன்றாவது வகைக்குத்தான் கூட்டிப் போவேன். என் விருப்பமும் இதுதான்.

இரண்டாவது: கையில் என்ன கருவி இருக்கிறது?

ஆசைப்பட்ட கேமை வாங்கிய பிறகு கணினி அதைத் திறக்க மறுப்பதைப்போல் மனம் சோர்கிற விடயம் இல்லை. விண்டோஸ் கணினியானால் தேடும் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டுங்கள். வருகிற பெட்டியில் நினைவகம் எவ்வளவு, கிராபிக்ஸ் சிப் எது என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டீம் போன்ற இணையக் கேம் கடையில் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும் கீழே தேவைப்படும் கருவியின் விபரம் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பிய பழைய மடிக்கணினிதான் இருக்கிறது என்றால் இலவசமான 'சுப்பர்டக்ஸ்கார்ட்' இல் தொடங்குங்கள். லினக்ஸின் பென்குயின், ஜிம்ப் மென்பொருளின் வில்பர், பிளெண்டரின் குரங்கு சுசான் என்று, யாரும் இலவசமாக எடுத்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருள்களின் சின்னங்கள் எல்லாம் வண்டியேறி ஓட்டப்பந்தயம் ஓடும். திரையைப் பிரித்து ஒரே கணினியில் பலர் விளையாடலாம். ஆன்ட்ராய்டு போனிலும் ஓடும். விலங்கு வெறும் வேடம்தான், ஆனாலும் ஒன்றுவிட்ட சகோதரங்கள் ஐந்தாறு பேர் கூடுகிற விடுமுறை வீட்டுக்கு இதைவிட வேறு வேண்டியதில்லை.

நம் ஊருக்கென்று ஒரு குறிப்பு. சோழகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதி மடிக்கணினியின் காற்றுத் துவாரத்தில் அடைந்துவிடும். மெத்தைமேல் வைத்து மத்தியானம் இரண்டு மணிக்குக் கேம் போட்டால், அரை மணிக்குள் சூடேறிப் படம் இழுபடத் தொடங்கும். கேம் பழுதென்று நினைத்துவிடாதீர்கள். கடினமான பலகைமேல் பின்பக்கம் சற்று உயர வைத்து, மின்விசிறிக்கு நேரே இருந்து, மாலையில் விளையாடுங்கள்.

மூன்றாவது: கையும் ஆங்கிலமும்

கேம் பழகியவர்களுக்கு மறந்துபோகிற ஒன்று, புதியவருக்கு ஒரு கையால் நடந்து மறுகையால் சுற்றிப் பார்ப்பதே பெரிய வித்தை என்பது. முதல் கேமில் சாவும் நேரக் கணக்கும் குறைவாக இருக்கட்டும். அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சிறு குழு செய்த 'ஹொலோ நைட்', பூச்சிகளின் பாழடைந்த இராச்சியத்தில் நடக்கும் அருமையான கேம். 2017இல் வந்தது. அதை நான் உயிராக நேசிக்கிறேன். ஆனாலும் புதியவருக்கு முதலாவதாகச் சொல்லமாட்டேன். அது விழுத்தி விழுத்தித்தான் கற்பிக்கும்.

ஆங்கிலம் இன்னொரு தடை. இந்தக் கேம்களில் பலவற்றில் பேச்சு முழுவதும் எழுத்தாக ஓடும். பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்ல ஆளில்லை என்றால் பேச்சே இல்லாத கேமைத் தேடுங்கள். அங்கேதான் வாத்து வருகிறது.

மெல்பேர்னைச் சேர்ந்த ஹவுஸ் ஹவுஸ் குழு 2019இல் வெளியிட்ட 'அன்டைட்டில்ட் கூஸ் கேம்' இல் நீங்கள் ஒரு பெரிய வெள்ளை வாத்து. அமைதியான ஓர் ஆங்கிலேயக் கிராமம். தோட்டக்காரரின் சாவியைத் திருடவேண்டும், அவரை நனைக்கவேண்டும், அவருடைய இலை வாரும் முள்வாரியை இழுத்துக்கொண்டு போய்க் குளத்தில் போடவேண்டும். செய்யவேண்டியவை ஒரு சிறு பட்டியலாக வரும். அந்தப் பட்டியலை ஒருமுறை தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு மொழியே தேவையில்லை. வாத்துக்குக் கை இல்லை. அலகு ஒன்றுதான், அதில் ஒரு பொருள்தான் பிடிக்கும். குனியலாம், செட்டை அடிக்கலாம், கத்தலாம். இந்தச் சிறிய உடம்பை வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனிதனை எப்படி ஏமாற்றுவது என்று யோசிக்கிறபோதே வாத்தின் மூளை நமக்கு வந்துவிடுகிறது. நீங்கள் பதுங்கினால் பியானோவும் பதுங்கும், துரத்தினால் அதுவும் விரையும். பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுசியின் இசையைத் துண்டு துண்டாக்கி நம் அசைவோடு கோத்திருக்கிறார்கள். 2020இலிருந்து இரண்டு பேர் இரண்டு வாத்தாகவும் விளையாடலாம். அண்ணாவும் அண்ணியும் ஒரு மாலை முழுவதும் இப்படி இருந்தார்கள். அண்ணி கத்தி அந்த மனிதனை ஒரு பக்கம் திருப்ப, அண்ணா மறுபக்கத்தால் பாணைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதற்குமுன் இருவரும் எந்தக் கேமையும் தொட்டதில்லை.

வயதானவருக்கு என்றால் போனில் 'நெக்கோ அட்சுமே'. ஜப்பானில் 2014இல் வந்தது. முற்றத்தில் ஒரு கிண்ணம் சாப்பாடும் ஒரு பந்தோ மெத்தையோ வைத்துவிட்டுப் போனை மூடிவிடவேண்டும். பிறகு திறந்தால் பூனைகள் வந்திருக்கும், அல்லது வந்து போன அடையாளமாக, அந்தக் கேமில் காசாகப் பயன்படும் மீன்களை விட்டுச் சென்றிருக்கும். வெல்வதும் இல்லை, தோற்பதும் இல்லை. அம்மம்மாவுக்கு இதைக் காட்டியபோது விளக்கவேண்டிய தேவையே வரவில்லை. தினமும் மத்தியானம் காகத்துக்குச் சோறு வைத்து, அது வந்து எடுக்கும்வரை குசினி வாசலில் நிற்கிறவர் அவர். வைத்துவிட்டுக் காத்திருப்பது அவருக்குக் கைவந்தது. டப்ஸ் என்ற பருத்த பூனை ஒன்று வந்து கிண்ணம் முழுவதையும் தனியாகத் தின்றுவிட்டுப் படுத்திருக்கும். அதற்கு மட்டும் வேறாக ஒரு கிண்ணம் வைக்க முடியாதா என்று கேட்டார். முற்றத்தைப் பெரிதாக்கினால் இன்னொரு கிண்ணம் வைக்கலாம், அதற்குத் தங்க மீன் சேரவேண்டும். தங்க மீனைக் காசு கொடுத்தும் வாங்கலாம் என்பதால், போனில் வாங்கும் வசதிக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டுக் கொடுங்கள். பொறுத்திருந்தால் காசில்லாமலே சேரும்.

நான்காவது: உள்ளே என்ன நடக்கிறது என்று முன்பே பாருங்கள்

என் பிழையிலிருந்து வந்த படி இது. விலங்கு அழகாக வரையப்பட்டிருக்கிறது என்பது கேம் சிறுவருக்கானது என்பதற்கு அத்தாட்சி அல்ல. 'கல்ட் ஒஃப் த லாம்' இல் வருவது கண் பெரிதான ஓர் ஆட்டுக்குட்டி. ஆனால் அது தன்னைப் பின்பற்றுவோரைப் பலி கொடுக்கவும் செய்யும். பெட்டியிலோ கடைப் பக்கத்திலோ இருக்கும் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். ஐரோப்பியக் குறியீடு 3, 7, 12, 16, 18 என்று எண்ணாகவே இருப்பதால் விளங்கிக்கொள்வது எளிது. ஆனாலும் அந்த எண் இரத்தத்தையும் சண்டையையும் அளக்கிற அளவுக்குத் துயரத்தை அளப்பதில்லை. ஆகவே முதல் அரை மணி நேரத்தை யூடியூபில் பாருங்கள். விலங்கு இறக்கிறதா என்பதை மட்டும் அறிய வேண்டுமானால் 'டஸ் த டோக் டை' என்ற தளம் இருக்கிறது. படங்களுக்கும் கேம்களுக்கும் பார்த்தவர்களே ஆம், இல்லை என்று பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டு நாய் செத்து ஒரு மாதம் ஆகாத பிள்ளைக்கு இந்தப் பதில் முக்கியம்.

துயரம் இருந்தாலும் கொடுக்கத்தகுந்தது என்று நான் நினைக்கும் ஒன்று, 2014இல் வந்த 'நெவர் அலோன்'. அலாஸ்காவின் இன்யுபியாட் மக்கள் தங்கள் வாய்மொழிக் கதையைத் தாங்களே முன்னின்று செய்த கேம். ஓயாத பனிப்புயலின் காரணத்தைத் தேடி ஒரு சிறுமியும் ஒரு வெள்ளை நரியும் போகிறார்கள். ஒருவர் சிறுமியாக, மற்றவர் நரியாக விளையாடலாம். கதை சொல்பவரின் குரல் அந்த மக்களின் மொழியிலேயே ஒலிக்கும், கீழே ஆங்கிலம் ஓடும். வழியில் ஆந்தைகளைக் கண்டுபிடித்தால், அந்த ஊர் மூத்தவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் சிறு காணொளிகள் திறக்கும். சிறிய மொழி ஒன்று கேமுக்குள் தலைநிமிர்ந்து நிற்பதைக் கேட்கையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றி இப்படி ஒன்று நம் பிள்ளைகள் செய்யமாட்டார்களா என்று அன்றைக்கு நினைத்தது இன்னும் மனதில் இருக்கிறது.

ஐந்தாவது: வாங்குவதும் இறக்குவதும்

இலங்கையிலிருந்து ஸ்டீம் கடையைத் திறந்தால் விலை டொலரில் வரும். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதி உள்ள அட்டை தேவை. வங்கியில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு முழு விலைக்கு வாங்கவேண்டியதில்லை. விருப்பப் பட்டியலில் போட்டுவைத்தால், கோடைகால, குளிர்கால மலிவு விற்பனையில் விலை இறங்கும்போது மின்னஞ்சல் வரும். வாங்கி 14 நாட்களுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். உங்கள் கருவியில் ஓடுகிறதா என்று பார்க்க இந்த இரண்டு மணி நேரம் தாராளம்.

இணையம் மெதுவானால், பெரிய கேமை இரவு டேட்டாவில் இறக்குங்கள். இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பைபர் இணைப்பு உள்ள நண்பர் வீட்டுக்கு உங்கள் மடிக்கணினியையே கொண்டுபோகலாம். அல்லது அவரிடம் அதே கேம் இருந்தால், இரண்டு கணினிகளையும் ஒரே வைபையில் இணைத்து, அவரிடமிருந்து நேரே நகலெடுக்கும் வசதி ஸ்டீமிலேயே இருக்கிறது. கேம் உங்கள் கணக்கிலும் வாங்கப்பட்டிருக்கவேண்டும், டேட்டா மட்டும் மிச்சம்.

கடைசியாக: முதல் ஒரு மணி நேரம்

கேமைப் போட்டுக் கொடுத்துவிட்டு எழும்பிப் போகாதீர்கள். பக்கத்தில் இருங்கள். ஆனால் கொன்ட்ரோலர் என்ற கைக்கருவியைப் பறித்து வழிகாட்டாதீர்கள்.

இந்த வருடம் அண்ணாவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. முன்பு செய்த பிழையை நினைத்து எல்லாப் படிகளையும் கடந்து நான் தேர்ந்தெடுத்தது 'ஸ்ட்ரே'. பிரான்சின் மொன்பெலியே நகரத்துக் குழு ஒன்று செய்து 2022இல் வெளியிட்டது. ஹொங்கொங்கில் முன்பு இருந்து, பின்னர் இடிக்கப்பட்ட கவுலூன் மதில் நகரம் என்ற நெரிசல் குடியிருப்பை மாதிரியாகக் கொண்டு, மனிதரே இல்லாமல் ரோபோக்கள் மட்டும் வாழும் ஒரு நகரத்தைக் கட்டியிருக்கிறார்கள். அதற்குள் வழி தவறி விழுகிறது ஒரு செம்மஞ்சள் பூனை. வட்டில் 10 ஜிபி இடமும், 8 ஜிபி நினைவகமும், சுமாரான தனிக் கிராபிக்ஸ் அட்டையும் வேண்டும். கொன்ட்ரோலர் இருந்தால் நல்லது. பாயக்கூடிய இடத்தில் மட்டுமே பூனை பாயும் என்பதால் விழுந்து சாகிற பயமில்லை. புதியவருக்கு இது பெரிய ஆறுதல். கூட்டமாகத் துரத்தும் சிறு ஜந்துக்கள் வருகிற சில இடங்கள் இருட்டாகவும் பயமாகவும் இருக்கும். அந்த இடங்களில் நான் அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

தொடக்கத்தில் பூனை தன் கூட்டத்தோடு இருக்கிறது. கேம் உங்களை அவசரப்படுத்தாது. அவள் அந்த இடத்திலேயே இருபது நிமிடம் நின்றாள். ஒவ்வொரு பூனையிடமும் போய்த் தலையை உரசினாள், ஒன்றின் அருகில் படுத்தாள். கத்துவதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு, அதை நூறு தரமாவது அமத்தியிருப்பாள். கதவைப் பிறாண்ட இடப்பக்க விசையையும் வலப்பக்க விசையையும் மாறி மாறி இழுக்கவேண்டும். பூனையின் இரண்டு முன்னங்கால்களும் அவளுடைய இரண்டு விரல்களாகிவிட்டன. முன்னே போ என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

முடித்த பிறகு உடனே அடுத்த கேமைக் கொடுக்காமல் இரண்டு நாள் விடுங்கள். பிறகு எந்த இடம் நினைவில் நிற்கிறது என்று கேளுங்கள். துரத்தலைச் சொன்னால் ஓட்டமும் பாய்ச்சலும் உள்ளதைத் தேடலாம். படம் அழகு என்று சொன்னால், வெள்ளை ஓநாயாகி வானத்தில் தூரிகையால் வட்டம் போட்டுச் சூரியனை வரவழைக்கும் 'ஒக்காமி' இருக்கிறது. நீளமான கேம், வாசிக்கவும் நிறைய உண்டு. அவள் சொன்னது வேறு. தெருவோரத்தில் கிட்டார் வாசிக்கும் ஒரு ரோபோவுக்கு இசைத் தாள்களைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அது வாசிக்கும்போது பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொண்ட இடம். அங்கே ஒன்றுமே நடக்காது, சித்தப்பா, அதுதான் பிடித்தது என்றாள்.

அதனால் அடுத்ததாக 'எ ஷோர்ட் ஹைக்' ஐ இறக்கி வைத்திருக்கிறேன். தாயின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் ஒரு பறவைக்குஞ்சு, போனுக்குச் சிக்னல் கிடைக்கும் மலை உச்சியை நோக்கி ஏறுகிறது. பொன்னிறகு சேரச் சேர இன்னும் உயரம் ஏறலாம். வழியில் மீன் பிடிக்கலாம், மற்றவர்களோடு கதைக்கலாம், பாதியிலே இறங்கிக் கடற்கரைக்குப் போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள். 1 ஜிபிகூட இல்லை, பழைய மடிக்கணினியிலேயே ஓடுகிறது. அவளுக்குப் பரீட்சை முடிய இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது.